நாற்பத்தேழாவது புள்ளி

அக்காவின் தண்ணீர் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். ஏரித் தண்ணீரைப் பிடிக்க நாங்கள் எடுத்துப்போகும் பாட்டில்களும் அதே அளவு, அதே மாதிரி. எல்லாம் ஒரே பையில் கிடக்கும். ஒருநாள் நான் மாற்றி எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டேன். அன்றைக்கு மாலையே நூலைக் கட்டிவிட்டாள். உண்மையில் அந்த நூலுக்கு அவசியமே இல்லை. பெங்களூர் அல்சூரில் தன் வீட்டுக் குழாயில் நிரப்பிக்கொண்டு வருவாள். பகல் முழுக்க வெயிலில் என்னோடு ஏரிக்கரையைச் சுற்றுவாள். சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பியதும் மூடியைத் திறந்து, வாசலில் இருந்த செம்பருத்திச் செடிக்கு மொத்தத்தையும் ஊற்றுவாள். நிறைந்து போன பாட்டில் நிறைந்தே திரும்பி வரும். அந்த வளாகத்தில் அந்தச் செடி ஒன்றுதான் ஒழுங்காகப் பூத்தது.

ஏன் குடிக்கவில்லை என்று கேட்பவர் ஆணாக இருப்பார். பெண்கள் கேட்க மாட்டார்கள். குடித்தால் போக வேண்டும். போக இடம் கிடையாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நாசூக்காக எழுதச் சொல்கிறவர்கள் ஒரு நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு சேற்றில் நடந்து பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. வேலையிடத்தில் எனக்கு மூத்தவள். அல்சூரில் பல காலமாக இருக்கும் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், இரண்டும் ஒரே மூச்சில் வரும். எனக்கு வீடு அடுகோடியில். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. வேதியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்தவளை, பெங்களூரின் ஏரிகளைக் கணக்கெடுக்கும் ஒரு சின்ன அமைப்பு வேலைக்கு எடுத்தது. இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஓரிரு வருஷம் இருக்கும். எந்த ஏரியில் எங்கெங்கே சாக்கடை வந்து விழுகிறது என்று கண்டுபிடித்து வரைபடத்தில் போட வேண்டும். அதுதான் வேலை. கரையைச் சுற்றி நடக்க வேண்டும். குழாயோ வாய்க்காலோ தண்ணீரில் விழும் இடத்தில் நிற்க வேண்டும். ஒருத்தி ஜி.பி.எஸ். மிஷினை உள்ளங்கையில் படுக்கவைத்து வானத்துக்குக் காட்டுவாள். இன்னொருத்தி பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் பிடிப்பாள். மிஷினில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த இடம் ஒரு எண்ணோடு பதிவாகும். அதை மார்க் பண்ணுவது என்போம். பிறகு தாளில் அந்த எண்ணுக்கு நேராக, குழாயா வாய்க்காலா, என்ன நிறம், என்ன நாற்றம் என்று எழுத வேண்டும்.

சாம்பல் நிறத்தில், ஒரு சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும் அந்த மிஷின். மரத்தடியில் நின்றால் வேலை செய்யாது. திறந்தவெளியில் நின்று, போதுமான செயற்கைக்கோள்கள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. அக்கா சொல்வாள்: “சேட்டிலைட்டும் நம்ம ஊரு பஸ்சு மாதிரிதான்டி. ஒண்ணும் வராது, வந்தா நாலா வரும். நில்லு.” முன்பெல்லாம் இந்த மிஷின் நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டுமாம். அமெரிக்காக்காரன் வேண்டுமென்றே சிக்னலில் பிழையைக் கலந்து வைத்திருந்தான். நான் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அதை எடுத்துவிட்டான். எங்கள் அமைப்பை நடத்திய சார், கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், இதை ஒரு பண்டிகை மாதிரி எல்லோரிடமும் சொல்வார். “இனிமே இது பொய் சொல்லாதும்மா. மனுஷங்க சொன்னாத்தான் உண்டு.” அவர் வைத்த ஒரே சட்டம், மார்க் பண்ணிய எதையும் மிஷினிலிருந்து அழிக்கக் கூடாது என்பது. ஒன்றை அழித்தால் எண்கள் குழம்பும் என்பார்.

எங்களோடு சேர்ந்து வேலை செய்த இன்னொரு ஜோடி ஆண்கள். அவர்களுக்கு மரம் இருந்தது, சுவர் இருந்தது, நின்ற லாரி இருந்தது. எங்களுக்கு எதுவும் இல்லை. காலையில் அலுவலகத்தில் போய்விட்டுக் கிளம்பினால் திரும்பி வந்துதான். மாதவிலக்கு நாட்களைப் பற்றி எழுதவில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் எரிச்சல் என்று டாக்டரிடம் போனால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார். நானும் அக்காவும் ஒரே டாக்டரிடம் போனோம், ஒரே பதிலை வாங்கிக்கொண்டு வந்தோம்.

தொம்மலூரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு ஏரி. பெயர் வேண்டாம். அதன் கிழக்குக் கரையில் ஒரு வரிசை வீடுகள், ஓடும் தகரமும் போட்டவை, பின்சுவர் தண்ணீரைப் பார்த்து இருக்கும். கோடையில் முதல் சுற்று நடந்தோம். நான் அன்று முட்டாள்தனமாக ஒரு இளநீர் குடித்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நேராக அந்த வீடுகளின் வாசல் பக்கச் சந்துக்குள் நுழைந்து திறந்திருந்த ஒரு வாசலில் போய் நின்றாள்.

உள்ளே ஒரு அம்மா உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் கரி. எங்கள் கையில் மிஷினைப் பார்த்துவிட்டு எழுந்திருக்காமலே கேட்டாள்.

“யாரு, ஓட்டு லிஸ்டா?”

“இல்லம்மா. ஏரிய அளக்கறோம்.”

“அளந்து இன்னா பண்ணப் போறீங்க? அது எங்கயும் போயிடாது.”

“ஏரி போவாதும்மா, இந்தப் பொண்ணுதான் போயிடும் போலிருக்கு. கொஞ்சம் உங்க கக்கூஸ விட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்.”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குறுக்கிக்கொண்டு நின்ற என் கால்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். “அய்யே, இதுக்கா இவ்ளோ பேச்சு? பின்னாடி போ கண்ணு. தண்ணி ட்ரம்முல இருக்கு, ஊத்திட்டு வா.”

ஒரு அந்நிய வீட்டில் போய் இதைக் கேட்டு நிற்பது பிச்சை கேட்பது போலத்தான். பிச்சைக்காவது ஒரு வழக்கம் இருக்கிறது, என்ன சொல்லிக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குக் காது வரை சூடேறியிருந்தது. திரும்பி வந்தபோது அந்த அம்மா அக்காவிடம் தன் கழிப்பறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “இந்த லைன்ல இருக்கற அத்தன வீடும் நேரா ஏரியிலதான் வுடுது. என்னுது மட்டும் குழி. இந்த வத்திய உருட்டி உருட்டிச் சேத்து, சிமெண்டு உற வாங்கிக் குழியில எறக்கினேன். எங்க ஊட்டுக்காரரு, இவளுக்குப் பைத்தியம், எதிர்க்க அவ்ளோ பெரிய ஏரிய வெச்சிக்கினு குழி தோண்டறாள்னாரு. நான்தான், தண்ணியில அதப் பண்றது பாவம்னேன்.” சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை, சொந்த வீடு கட்டியவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

அக்காவும் போய்விட்டு வந்தாள். கிளம்பும்போது பின்முற்றத்தில், வானம் தெரியும் இடத்தில் நின்று, மிஷினை நீட்டி, பொத்தானை அழுத்தினாள். நாற்பத்தேழு என்று பதிந்தது.

“எதுக்குக்கா?”

“அடுத்த ரவுண்டு மழையில வரணும். இந்தச் சந்துல எல்லா வீடும் ஒரே மாதிரி கீது. கொடையப் புடிச்சிக்கினு வீடு வீடா கேட்டுக்கினு நிப்பியா?”

எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. அதற்கப்புறம் ஒரு பெட்ரோல் பங்கையும், பெண்கள் வேலை செய்யும் ஒரு தையல் ஆலையையும் அதே மாதிரி மார்க் பண்ணினோம். தாளில் எழுதுவது என் வேலை. நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தெட்டு என்று எழுதினேன். நடுவில் இருப்பதற்கு என்ன எழுதுவது? அந்தத் தாளைச் சார் படிப்பார், ஆண்கள் படிப்பார்கள். அழிக்கவும் கூடாது, எழுதவும் முடியாது. விட்டுவிட்டோம்.

மழையில் இரண்டாம் சுற்று வந்தது. மிஷினில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும் என்று சொன்னால் திரையில் ஒரு அம்பு வரும். அது காட்டும் பக்கம் நடந்தால் போதும், இடம் நெருங்கியதும் கூவும். கோரைப்புல் ஆளுயரம் வளர்ந்து, கரை எது வீடு எது என்று தெரியாத சேற்றில், நாங்கள் இருவரும் ஒரு குடைக்கடியில் அந்த அம்பைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இந்தியாவுல வேற எந்தப் பொம்பளைக்காவது சேட்டிலைட்டு கக்கூஸ் காட்டியிருக்கா சொல்லு? ராஜாத்தி மாதிரி போறோம்டி.” சந்தில் திரும்பியதும் மிஷின் கூவியது. சத்தம் கேட்டு அந்த அம்மா கதவைத் திறந்தாள். “வந்துட்டீங்களா? ஏரி இன்னும் அங்கயே கீது பாருங்க” என்றாள். அன்றைக்கு டீயும் போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு மீதியை எனக்கு ஊற்றினாள்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மிஷினைக் கம்பி போட்டுக் கணினியில் இணைத்துப் புள்ளிகளை இறக்குவது ஒரு அண்ணனின் வேலை. வரைபடம் போடுவதும் அவர்தான். கெட்டவர் இல்லை. ஆண்கள் ஜோடி மழையில் தாளில் எழுத மறந்துவிட்டு வருவது வழக்கம். எண் இருக்கும், அதற்கு நேராக வரி இருக்காது. ஒவ்வொன்றுக்கும் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு அலுத்துப்போன அண்ணன், தானாகவே ஒரு வழி வைத்திருந்தார். தண்ணீர் ஓரத்தில் ஒரு புள்ளி இருந்து தாளில் வரி இல்லையென்றால், அங்கே குழாய் என்று போட்டுவிடுவார். பிறகு நான் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: “மார்க் இருக்குன்னா குழா இருக்கும். சும்மா எவனாச்சும் மார்க் பண்ணுவானா?” பங்கும் தையல் ஆலையும் தண்ணீருக்குத் தள்ளி இருந்ததால் அவற்றை ஒதுக்கிவிட்டார். நாற்பத்தேழு கரையின் மேலேயே இருந்தது. அது சாக்கடைக் குழாயாக வரைபடத்தில் ஏறியது. அந்த வரிசையின் மற்ற வீட்டுக் குழாய்கள் கோரைக்குள், தண்ணீருக்கடியில் விழுந்ததால் எங்கள் கணக்கில் வரவே இல்லை. இரண்டு சுற்று முடிந்ததும் சார் அந்த வரைபடத்தோடு ஒரு இடைக்கால அறிக்கையை அரசு அலுவலகம் ஒன்றுக்குக் கொடுத்தார். எங்களிடம் காட்டவில்லை. களத்தில் நடப்பவர்களுக்கு அறிக்கையைக் காட்டும் வழக்கம் அங்கே இல்லை.

மழை ஓய்ந்து மூன்றாம் சுற்று. அம்பு காட்டிய வழியில் சந்துக்குள் திரும்பினோம். மிஷின் கூவியது. அந்த அம்மாவின் வீட்டுச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், சிவப்பு பெயிண்டில் பெரிதாக 47 என்று எழுதியிருந்தது. கீழே ஒரு பெருக்கல் குறி. அக்காவின் கையிலிருந்த திரையிலும் 47.

கதவு தட்டாமலே திறந்தது. ஊதுவத்திப் பலகை ஓரமாகச் சாத்தியிருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். “பாத்தீங்களா கண்ணு, இன்னா எழுதி வெச்சிட்டுப் போயிருக்கானுங்க. உங்குளுது மாதிரியே ஒரு மிஷின எடுத்துக்கினு வந்து சுத்திச் சுத்திப் பாத்தாங்க. என் கக்கூஸு ஏரியில வுடுதாம், மேலருந்து சேட்டிலைட்டுல தெரியுதாம். குழியக் காட்டறேன் வாங்கன்றேன், ஒருத்தனும் எட்டிப் பாக்கல. பக்கத்து வீட்டுக் குழா என் செவுத்த ஒட்டிப் போவுது, அத என்னுதுன்றான். இடிச்சிருவாங்களாம். இந்த லைன்ல குழி போட்டவ நான் ஒருத்தி, நம்பரு எனக்கு மட்டும்.” அழுதுகொண்டே பேசியவள் திடீரென்று நிறுத்தி, என்னைப் பார்த்து, “நீ இன்னாத்துக்கு நிக்கற, போ, போயிட்டு வா” என்றாள்.

போனேன். தெரிந்துதான் போனேன். என்னால் அடக்க முடியவில்லை. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வெளியே அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இடிக்கப்போகும் சுவர் என் முட்டிக்கு எதிரே இருந்தது. வெள்ளையடித்து, கீழே ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மூலையில் ஒரு ஊதுவத்தியைச் செருகி வைத்திருந்தாள். என் வாழ்க்கையில் பல இடங்களில் தலைகுனிந்திருக்கிறேன். அங்கே குனிந்த மாதிரி எங்கும் இல்லை. உடம்பு என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று இருந்தது.

வெளியே வந்தபோது அக்கா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாங்க பேசறோம்மா” என்றாள். அந்த எண் எங்களால் வந்தது என்பதைச் சொல்லாமலே கிளம்பினோம்.

அன்று மாலை பாட்டில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமலே அக்கா சாரின் அறைக்குள் போனாள். நானும் போனேன். அக்கா நேராகச் சொன்னாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இதையெல்லாம் எப்படிம்மா எழுதறது?” என்றார். “மிஷின் தப்புன்னு எழுதிடலாம்” என்றார். பிறகு அவரே, “அதுவும் முடியாதே” என்றார். ஏன் முடியாது என்றால், அதே ஏரியின் மேற்குக் கரையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. அதன் குழாயிலிருந்துதான் ஏரிக்குப் பாதிச் சாக்கடை. அவர்கள் ஏற்கெனவே மிஷின் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு புள்ளியை மிஷின் தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்தால் மற்றதும் தப்பு என்பார்கள். நாற்பத்தேழை எடுக்க வேண்டுமென்றால் உண்மைக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த அம்மாவின் கழிப்பறை போகும். சார் இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். அக்கா, “நானே வந்து சொல்றேன் சார்” என்றாள்.

கூட்டம் அந்த அரசு அலுவலகத்தில் நடந்தது. நீள மேஜை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் மூடி போட்ட தம்ளரில் தண்ணீர். அதிகாரிகள், அடுக்குமாடிக் கட்டடத்துக்காரர்கள், சார், கணினி அண்ணன். பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்பத்தேழைப் பற்றிப் பேச்சு வந்ததும் கட்டடத்துக்காரர் ஒருவர், பாருங்கள், இதே மாதிரிதான் எங்களுடையதும் தப்பு என்று ஆரம்பித்தார். அக்கா எழுந்து நின்றாள். கன்னடத்தில் பேசினாள். குரல் நடுங்கவில்லை. மிஷின் சரியாகத்தான் காட்டுகிறது, அந்த இடத்தில் குழாய் கிடையாது, அது ஒரு வீட்டின் கழிப்பறை, குழி உள்ள கழிப்பறை, நாங்கள் இருவரும் அங்கே சிறுநீர் கழிக்கப் போனோம், திரும்ப வழி தெரிய வேண்டும் என்று நான்தான் மார்க் பண்ணினேன் என்றாள்.

ஒருவர் இருமுவது போல் சிரித்தார். அது மேஜை முழுவதும் பரவியது. கட்டடத்துக்காரர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, “அப்படின்னா ஏரியைக் கெடுத்தது யாருன்னு தெரிஞ்சு போச்சு” என்றார். சாரும் சிரித்தார். சிரிக்க வேண்டும் என்று அவருக்கு இல்லை. மற்றவர்கள் சிரித்ததால் சிரித்தார். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நான் எழுந்தேன். பாதிக் கன்னடம், பாதித் தமிழ். “நீங்கள்லாம் எங்க போறீங்க? ஏரிக்கரையில இருக்கற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மார்க் போட்டா உங்க மேப்புல எடம் பத்துமா? செவுரு பாத்து நிக்கறப்ப வராத வெக்கம், நாங்க கதவு இருக்கற எடம் தேடிப் போனா வந்துருதா உங்களுக்கு?” இன்னும் சொன்னேன். எழுத முடியாததும் சொன்னேன். அதிகாரி ஃபைலை மூடினார். இப்படிப் பேசுகிறவர்கள் கொண்டுவந்த கணக்கை எப்படி நம்புவது என்று சாரிடம் கேட்டார். அவ்வளவுதான், நாற்பத்தேழு அப்படியே நிற்கப்போகிறது என்று எனக்கு விளங்கியபோது அக்கா கை கூப்பிக்கொண்டிருந்தாள். சிரித்தவர்களைப் பார்த்து. “சின்னப் பொண்ணு சார். வீட்டுல சரியா வளக்கல. மனசுல வெச்சிக்காதீங்க. அந்த ஒரு நம்பர மட்டும் எடுத்துடுங்க.” கூப்பிய கையை அவள் இறக்கவே இல்லை. அதிகாரி மூடிய ஃபைலை மறுபடி திறந்து ஏதோ எழுதினார்.

நான் பேசியதில் ஒரு சொல்லும் தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதற்கான விலையை அக்கா கொடுத்தாள். அவளைப் பார்த்துச் சிரித்த ஆண்களிடம் அவளே மன்னிப்புக் கேட்டாள், என்னையும் என் வீட்டையும் தாழ்த்திச் சொல்லிக் கேட்டாள். பஸ்சில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள்தான் பேசினாள். “நீ சொன்னது அத்தனையும் நெசம்டி. ஆனா இன்னிக்கி நாம ஜெயிக்கறதுக்குப் போவல. ஒரு கக்கூஸக் காப்பாத்தறதுக்குப் போனோம்.” கொஞ்சம் கழித்து, “உங்கப்பாகிட்ட சொல்லிடாத, நான் அப்படிச் சொன்னேன்னு” என்றாள்.

சுவரில் இருந்த எண்ணின் மேல் அரசு ஆட்கள் கறுப்புப் பெயிண்ட் அடித்த பிறகு அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். இந்த முறை மிஷின் இல்லை. அதனால் சந்தில் இரண்டு தடவை வழி தவறினோம். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், எண் எங்களால் வந்தது என்பது உட்பட. அந்த அம்மா கேட்டுக்கொண்டே உருட்டினாள். ஒரு கட்டை முடித்து ஓரமாக வைத்தாள். அவள் கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் சொன்னாள்: “சேட்டிலைட்டு, சேட்டிலைட்டுன்னானுங்க. நான் ராவெல்லாம் வானத்தப் பாத்துத் திட்டிக்கினு கெடந்தேன். பாத்தா நீங்க ரெண்டு பேரு.” அப்புறம், “இனிமே வந்தா கதவத் தட்டுங்க. அந்த மிஷின வெளிய எடுக்காதீங்க” என்றாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எவர்சில்வர் தம்ளரில் அவள் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. அக்கா அதை வாங்கி நிறுத்தாமல் முழுதும் குடித்தாள். இரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதோடு எங்கள் ஏரி நடை முடிந்தது. பெண்களைக் களத்துக்கு அனுப்பினால் இந்த மாதிரிச் சங்கடம் வருகிறது என்று சார் முடிவு செய்தார். “உங்க நல்லதுக்குத்தாம்மா” என்றார். கழிப்பறைக்கு ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களை நிறுத்தலாம் என்றுதான் தோன்றியது. திருத்திய அறிக்கையில், களப் பணியாளரின் கவனக்குறைவு என்று ஒரு வரி போட்டார்கள். நாங்கள் உள்ளே உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவரும் பாட்டில்களைக் கழுவினோம். அலுவலகத்தில் ஆண்கள் ஒண்ணுக்குப் போகும்போது, “நாப்பத்தேழு போயிட்டு வரேன்” என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அக்கா காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராகப் போய்விட்டாள். அவள் போன கோடையில் செம்பருத்திச் செடி காய்ந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. அந்த இடத்தில் எதுவும் பூக்க வேண்டாம் என்று நினைத்தேன். அப்புறம் நானும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா இப்போது ஓசூரில் மகனோடு இருக்கிறாள். போனில் பேசுவோம். நாற்பத்தேழைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

கல்யாணமாகி எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அதே ஏரிக்குப் பக்கத்தில்தான் எனக்கு வாடகை வீடு அமைந்தது. அந்த வீட்டு வரிசை இப்போது இல்லை. அந்த அம்மா எங்கே போனாள் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி, நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு. வாசலருகே பெண்கள் படம் போட்ட ஒரு கழிப்பறையும் கட்டியிருக்கிறார்கள். அதில் எப்போதும் பூட்டு தொங்கும்.

போன மாதம் சாயங்காலம் நடக்கப் போனபோது இரண்டு பெண் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு, தண்ணீர் ஓரமாக நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கயிற்றில் பாட்டிலை இறக்கினாள். என் கால் நின்றுவிட்டது. இப்போதெல்லாம் இதற்குத் தனி மிஷின் வேண்டாம் போலிருக்கிறது. பெஞ்சில் அவர்களுடைய குடிதண்ணீர் பாட்டில் இருந்தது. மூடிவரை நிறைந்து, வெயிலில் சூடாகி, உள்ளே குமிழ் கட்டியிருந்தது. தண்ணீர் குடிக்கவில்லையா என்று கன்னடத்தில் கேட்டேன். “அப்புறம் குடிக்கறேன் ஆன்ட்டி” என்று தமிழில் சொல்லிவிட்டு அந்தப் பெண், பூட்டியிருந்த கழிப்பறையை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

“என் வீடு அதோ, பச்ச கேட்டு. வாங்க” என்றேன். தயங்கினார்கள். நான் கொஞ்சம் கோபமாகவே கூப்பிட்டேன், அப்படித்தான் எனக்குக் கூப்பிட வரும். வந்தார்கள். கதவைத் திறந்துவிடும்போது, காலையில் கழுவாமல் விட்டது நினைவுக்கு வந்து எனக்குக் காது சூடாயிற்று. ஒருத்தி உள்ளே போக, மற்றவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, சிரித்திருந்தாள். எனக்கு அது வரவில்லை. ஒரு தலைமுறை போய்விட்டது, இன்னும் ஒரு பெண் அந்நிய வீட்டில் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று இருந்தது. எங்கள் சங்கடத்தை நாங்களே விழுங்கியதால்தான் இவளுக்கும் அது மிச்சமாயிற்றோ என்றும் இருந்தது.

கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே நின்று ஒருத்தி போனை உயர்த்தினாள்.

“அத உள்ள வை” என்றேன். அவள் பயந்துவிட்டாள். “பச்ச கேட்டுன்னு ஞாபகம் வெச்சிக்கோ, போதும். வந்து கதவத் தட்டு. எதுலயும் மார்க் பண்ணாத.”

“ஏன் ஆன்ட்டி?”

நான் கேட்டைச் சாத்தினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். தெருமுனை வரை போன ஒருத்தி என்னவோ நினைத்துத் திரும்பி ஓடி வந்தாள். பெஞ்சில் மூடிவரை நிறைந்திருந்த அதே பாட்டிலை நீட்டி, நிரப்பித் தர முடியுமா என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு சொட்டுகூட இல்லை.